வீட்டில் தங்கிய மூன்று, வெளியே போன மூன்று

"செவ்வாய். மலேசியா தினம், பொது விடுமுறை. நாளை புரட்டாசி 1. மழை இல்லை. காலை 7.25 அலோர் ஸ்டார் புறப்பாடு. மாலை 5.50 வீடு. ஐஸ்பெட்டி காலி."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டிருக்கிறேன்.

பாடாங் மேஹா பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருக்கிறேன். அலுவலகக் கணினியில் அன்றன்று வேலைக்கு வந்த ஆள்பேர் ஏற்றுவது, உரம் வந்து இறங்கியதைப் பதிவது, காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலை. எழுதி எழுதி, தேதி போடாத எதையும் நம்ப முடியாத ஆளாகிவிட்டேன். வாசித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போடுவேன். பல்துலக்கும் தூரிகையின் அடியில் தேதி இருக்கும். திருமணமான புதிதில் என் மனைவியிடம் ஒரு விதியும் போட்டேன்: ஐஸ்பெட்டியில் வைக்கும் எந்த டப்பாவும் மூடியில் தேதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அவள் முதலில் சிரித்தாள், பிறகு பழகிக்கொண்டாள். அந்த விதிதான் இந்தக் கதையில் என் காலை வாரியது.

என் அக்காளின் மகள் பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் முதுகலைக்குப் படிக்கிறாள். அவள் எடுத்துக்கொண்ட பூச்சி, எங்கள் தோட்டத்தில் குடியிருக்கும் எதிரி: கொம்பு வண்டு. காண்டாமிருக வண்டு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். விரியும்போது மட்டை கத்தரிக்கோலால் வெட்டிய காகிதம்போல் வெளியே வரும். அதைப் பிடிக்க எங்கள் வயலில் வாளிப் பொறிகள் தொங்கின. மேலே ஒரு வாசனைப் பொட்டலம், குறுக்கே தகரத் தகடு, கீழே வாளி. வாசனைக்கு வரும் வண்டு தகட்டில் மோதி வாளிக்குள் விழும்.

அவளுக்கு வேண்டியது வண்டு அல்ல, வண்டின் மார்புக்குள் இருக்கும் பறக்கும் தசை. இவ்வளவு கனமான பூச்சியைத் தூக்கிப் பறக்கிற தசை அது. அதன் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா அடை அடையாக இருக்கும். சக்தி தயாரிக்கும் அந்தச் சின்ன அறைகளுக்குச் சொந்தமாக ஒரு மரபணு வளையம் உண்டு. முப்பத்தேழே மரபணுக்கள், ஒரு வட்டத்தில் நெருக்கியடித்து. அந்த வளையத்தை வண்டு எப்படிப் படியெடுக்கிறது, எடுத்த படியை எங்கே வெட்டுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

அவள் முன்பே ஒரு முறை வேறு வண்டுகளை வைத்துச் சோதித்திருந்தாள். வெட்டு முனைகள் தெரிந்தன. ஆனால் அந்த வண்டுகள் வெயிலில் அரை நாள் கிடந்தவை. அவளுடைய மேற்பார்வையாளர் ஒரே கேள்வியில் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்: இந்த முனைகள் வண்டு வெட்டியதா, வெயில் வெட்டியதா? ஆர்.என்.ஏ என்கிற அந்தப் படி அவ்வளவு சீக்கிரம் சிதைந்துபோகும் பொருள். சிதைந்தாலும் துண்டு, வெட்டினாலும் துண்டு. உயிரோடு பிடித்த வண்டிலிருந்து உடனே எடுத்த தசை வேண்டும். ஆர்.என்.ஏ-வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் இயந்திரத்தில் அவளுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வெள்ளியைத் தவறவிட்டால் இந்த ஆண்டு இல்லை. ஆய்வேட்டுக்கோ இந்த ஆண்டுதான் கடைசி.

மலேசியா தினத்துக்கு முந்திய வியாழக்கிழமை காலை அவளை வயலுக்கு அழைத்துப் போனேன். ஏழு நாற்பதுக்கு முதல் வாளி. ஒன்பது வண்டுகள் விழுந்திருந்தன, மூன்று செத்தவை. மீதி ஆறும் வாளியின் சுவரைக் கால்களால் கிறுக்கிக்கொண்டிருந்தன. வயலோரத்தில் என் காரின் பின்கதவைத் திறந்து, அதையே மேசையாக்கி, கையுறை போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தாள். தசை இளம் பழுப்பும் சிவப்புமாக நூல் நூலாக வந்தது. சின்னக் குழாய்களில் உப்புக் கரைசல் ஒன்று இருந்தது. ஆர்.என்.ஏ சிதையாமல் காக்கும் கரைசல். தசையை அதில் போட்டு மூடினாள். ஆறு வண்டு, ஆறு குழாய்.

"மாமா, மணி?"

"எட்டு நாப்பது."

"எழுதிக்கிங்க."

"எழுதிட்டேன்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அன்றே அவள் தன் அம்மாவைப் பார்க்க அலோர் ஸ்டாருக்குப் போக வேண்டியிருந்தது. குழாய்களை ஒரு நாள் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு மேலே உறைபெட்டிக்கு மாற்ற வேண்டுமாம். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தால் ஆகாது. புதன்கிழமை பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை நீங்கள் காவல் என்றாள். ஆறையும் ஒரே இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காலியான சோள ஐஸ்கிரீம் டப்பா இரண்டு எடுத்தேன். ஒன்றில் முதல் மூன்று, மற்றதில் அடுத்த மூன்று. மறுநாள் இரண்டையும் உறைபெட்டிக்கு ஏற்றினேன். மூடியில் தேதியும் கிழமையும் நேரமும் எழுதினேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை எழுதவில்லை.

அந்த வியாழன் மதியம் அவளைப் பஸ் ஏற்றிவிடப் பாடாங் செராய்க்கு வந்தோம். பஸ் வர நேரமிருந்தது. கரும்புச்சாற்றுக் கடை அண்ணனிடம் ஆளுக்கு ஒரு கிளாஸ் சொன்னோம். கடையோரம் சாய்த்து வைத்திருந்த முழுக் கரும்பு ஒன்றை அவள் தூக்கிக்கொண்டாள்.

"மாமா, மத்த மரபணு எல்லாம் தனித்தனியாப் படிக்கும். இது அப்படி இல்ல. ஒரே இழுப்புல இவ்ளோ நீளத்துக்குப் படிச்சிரும். பத்து மரபணு ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரு முழுக் கரும்பு மாதிரி வரும். அப்புறம்தான் வெட்டணும்."

"எங்க வெட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கணு!" என்று கரும்பைத் தட்டினாள். "ரெண்டு பெரிய மரபணுக்கு நடுவுல அநேகமா ஒரு குட்டி மரபணு இருக்கும். கடத்தி ஆர்.என்.ஏ. அது வந்ததும் தானாவே மடிஞ்சு மூணிலைப் புல்லு மாதிரி ஆயிரும். அந்த மடிப்பைப் பாத்துட்டு ஒரு என்சைம் முன்னால வெட்டும், இன்னொண்ணு பின்னால வெட்டும். குட்டி வெளிய வந்திரும், ரெண்டு பக்கமும் பெரிசு தனியாயிரும்."

"அப்ப அந்தக் குட்டி வெறும் எல்லைக்கல்லா?"

"அதான் மாமா அழகே! கல்லு இல்ல. வெட்டி வந்த குட்டிதான் புரதம் கட்ட ஒவ்வொரு செங்கல்லா தூக்கிட்டு வர்ற ஆளு. எல்லையும் அதுதான், வேலையாளும் அதுதான்."

கரும்பின் கணுவில்தான் முளை இருக்கும், வெட்டி நட்டால் அங்கிருந்துதான் கிளம்பும். நான் அதைச் சொன்னதும் அவள் கரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடை அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, அதைக் குடிக்கப் போறியா, கல்யாணம் பண்ணப் போறியா? குடுலா, ஆளுங்க நிக்கிறாங்க."

பஸ் வரும்வரை எனக்கு ஒரே கிளர்ச்சி. இத்தனை ஆண்டுகளாக எங்கள் குருத்துகளைக் கடித்துக் குதறிய ஒரு பிராணிக்குள், ஒவ்வொரு நொடியும், எழுதுவதும் வெட்டுவதும் இத்தனை ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கிராணிக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் டப்பாக்களின் பக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை.

சனிக்கிழமை தோட்டத்தில் பொறிகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். மரங்கள் வளர்ந்து அறுவடைக்கு வந்துவிட்டன, இனித் தேவையில்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. வேறு தோட்டத்தில் அனுமதி கேட்டு, பொறி வைத்து, வண்டு விழுவதற்குள் அந்த வெள்ளிக்கிழமை போய்விடும். ஆகவே என் உறைபெட்டியில் இருந்த ஆறு குழாய்கள்தான் அவளுடைய மொத்த அத்தியாயம்.

அடுத்து வந்தது அந்தச் செவ்வாய். விடுமுறையாயிற்றே என்று காலையிலேயே அலோர் ஸ்டாருக்குக் கிளம்பிவிட்டேன். மனைவி வரவில்லை, வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அக்காள் வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது, "குழாய் எல்லாம் பத்திரமா மாமா?" என்றாள் அக்காள் மகள். நாட்குறிப்பைத் திறந்து வெப்பமானி அளவுகளைத் தேதிவாரியாக வாசித்துக் காட்டினேன். அக்காள் தலையில் அடித்துக்கொண்டு, "இவன் சின்னப் புள்ளையிலயே இப்படித்தான், காய்ச்சல் வந்தாலும் மணி பாத்துதான் படுப்பான்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்த நேரத்தில் குழாய்கள் எங்கே இருந்தன என்பது எனக்குத் தெரியாது.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்பு வாடை. ஐஸ்பெட்டி துடைத்துப் பளபளவென்று இருந்தது. கதவில் புது மஞ்சள் பொட்டு. மேலே உறைபெட்டியைத் திறந்தேன். காலி. வெறும் பனிப்படலம்.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு மாதம் கவிச்சி கிடையாது. பிறப்பதற்கு முந்திய நாள் உறைபெட்டியில் இருக்கும் மீன், கோழி, எல்லாம் இரண்டு வீடு தள்ளி இருக்கும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் பெண்மணிக்குப் போகும். அவர்கள் கிறிஸ்துவர்கள், புரட்டாசி கிடையாது. அதற்குப் பதிலாகத் தவக்காலம் வந்தால் அவர்கள் வீட்டு இறைச்சி எங்கள் உறைபெட்டிக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு முறை இந்த இடமாற்றம் பிசகாமல் நடக்கிறது. தேதி போட்ட டப்பாக்கள் அப்படியே போய் அப்படியே வரும். இதை நான் மறந்தேன் என்று சொல்ல முடியாது. நாளை புரட்டாசி என்று அன்று காலையில் நானே எழுதியிருந்தேன். எழுதியதோடு சரி.

"டப்பா எங்க?" என்றேன்.

"எந்த டப்பா?"

"சோள ஐஸ்கிரீம் டப்பா. ரெண்டு."

"மீன் டப்பாவா? அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டேன். தேதி போட்டிருந்திச்சே."

"அது மீன் இல்ல. வண்டு."

"நம்ம வீட்டு ஐஸ்பெட்டியிலயா? சாமி படத்துக்கு அந்தப் பக்கமா? நீங்க என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தேதி எழுதியிருக்கிறேனே என்ற நினைப்பு.

"சரி, ஒரு டப்பாதான் போச்சு" என்றாள் அடுத்து. "இன்னொண்ணு வரல. அடியில ஐசோட ஒட்டிக்கிச்சு. கத்தியால கூட நெம்பிப் பாத்துட்டேன். அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

பனிப்படலத்துக்குள் கையை விட்டேன். பின்மூலையில், வெள்ளைப் பாறைபோல் உறைந்த பனிக்கு அடியில், டப்பாவின் மஞ்சள் மூடி தெரிந்தது. முதல் மூன்று.

அடுத்த மூன்றைத் தேடி ஓடினேன். அக்கா வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நானே வரணும்னு இருந்தேன். என்ன மருந்துய்யா அது? மத்தியானத்துக்குப் பொரிக்கலாம்னு தொறந்தா, மீனு இல்ல, குட்டிக் குட்டிக் குழாய். ஐஸ்ல இருந்தும் உறையல, தண்ணியா இருக்கு. கோழிக்குப் போடற ஊசி மருந்துன்னு நெனச்சேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"ஐஸ்பெட்டிலதான். ஆனா காலைல எடுத்து ஜன்னல்ல வச்சிருந்தேன், ஒங்க வீட்டம்மா பாத்தா எடுத்துக்கட்டும்னு. அப்பறம் இவருதான் உள்ள வச்சாரு."

அந்த ஜன்னலை எனக்குத் தெரியும். கீழே அடுப்பு, மேலே வெயில்; அந்தச் சூட்டைக் கரைசலும் தாங்காது.

தொலைபேசியில் அக்காள் மகளிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் ஒலி. அழுகிறாளோ என்று பயந்தேன்.

"மாமா, திரும்பச் சொல்லுங்க. மூணு நகரவே இல்லையா?"

"நகரல. ஐசோட ஐசா இருக்கு."

"மூணு மட்டும் சூட்டுல இருந்திச்சா?"

"ஆமாம்மா. மன்னிச்சிரு."

"மாமா!" என்று ஒரு கத்தல். "அதே வாளி, அதே நாள், அதே நேரம். மூணு ஐஸ்ல, மூணு வெயில்ல. வண்டு வெட்டினதா வெயில் வெட்டினதான்னு கேட்டாங்கல்ல? இதுதான் பதில்! இதை நான் வேணும்னே செஞ்சிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல! அத்தை எங்க? அத்தைக்கிட்ட குடுங்க!"

மனைவி போனை வாங்கி, "நான் தொடவே இல்லம்மா, டப்பாவைத்தான் குடுத்தேன்" என்று ஆரம்பித்தாள். பிறகு அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, முகம் மலர்ந்து, "ஓ, அப்படியா? நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். என்ன நினைத்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வெளியே இருந்த மூன்றும் எத்தனை மணி நேரம் எவ்வளவு வெப்பத்தில் இருந்தன என்று சொல்ல முடிந்தால்தான் சோதனை. இல்லையென்றால் அது வெறும் விபத்து. "மாமா, அது ஒங்க வேலை" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக மணி பார்த்து எழுதியதற்கு முதல் முறையாக ஒருவர் வேலை கொடுக்கிறார்.

புதன் காலை அவள் வந்து பனிக்கட்டிப் பெட்டியோடு ஆறையும் எடுத்துப் போனதும், நான் விசாரணையைத் தொடங்கினேன். அக்கா கடிகாரம் பார்ப்பவர் அல்ல. டப்பாவை எப்போது திறந்தீர்கள் என்றால், "ரொட்டிக்காரன் ஹார்ன் அடிச்சப்ப" என்றார். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயன் லயனாக வருபவர். அவரை மறுநாள் வழியில் மறித்தேன்.

"செவ்வாய்க்கெழம எத்தன மணிக்கு வந்தீங்கண்ணே?"

"லீவு நாள்ல லேட்டாத்தான் வருவேன். ஏன், ரொட்டி கெட்டுப் போச்சா?"

"இல்லண்ணே, மணி மட்டும் வேணும்."

"பத்தே காலு, பத்தரை. மொதல்ல கோயில் பக்கம் போய்ட்டுத்தான் இங்க." கொஞ்சம் யோசித்து, "போலீஸ் கேஸா?" என்றார்.

பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவில் என்று குறித்துக்கொண்டேன். ஜன்னல் திண்டில் என் வெப்பமானியை அதே நேரத்தில், அடுப்பு எரியும்போதும் எரியாதபோதும் வைத்து அளந்தேன். அக்கா சமையலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "தம்பி, சாம்பார் அடியில புடிக்கப் போவுது, அளந்து முடி" என்று இரண்டு முறை சொன்னார்.

திரும்ப எப்போது உறைபெட்டிக்குப் போனது என்பதில்தான் முட்டிக்கொண்டது. அக்காவின் கணக்கு: பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது அவருடைய கணவர் உள்ளே வைத்தார். கணவரின் கணக்கு: அது மதிய பாங்கு அல்ல, அஸர் பாங்கு. இரண்டின் நேரமும் அன்றைய தொழுகை அட்டவணையில் நிமிஷம் பிசகாமல் கிடைக்கும். ஒன்று மதியம் ஒரு மணி தாண்டி, மற்றது மாலை நான்கு தாண்டி. இருவரும் வாசலில் நின்று வாதாடினார்கள்.

"நீ தூங்கிட்டிருந்த, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தூங்கல, செபமாலை சொல்லிட்டு இருந்தேன்!"

"கொறட்டையோடயா?"

ஆகவே என் தாளில் எழுதியது: குறைந்தது இரண்டே முக்கால் மணி, அதிகம் போனால் ஆறு மணி. அதற்கு மேல் என்னால் நெருக்க முடியவில்லை. அவளிடம் அப்படியே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் ஓடியது. காகிதம் குத்தும் கருவி அளவே இருக்கும் ஒரு சாதனம், ஒவ்வொரு ஆர்.என்.ஏ-வையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூலைப் போல் இழுத்துப் படிக்குமாம். எழுத்துகளை அடுக்கிப் பார்க்க அவளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் என் நாட்குறிப்பில் மழை அளவைத் தவிர ஒன்றும் இல்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பதினொன்று இருபதுக்கு அவள் மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். தேவாலயத்தில் பூசை முடித்து வந்த பக்கத்து வீட்டு அக்காவையும் மனைவி கூப்பிட்டுக்கொண்டாள். புரட்டாசிச் சாப்பாடு அடுப்பில் இருந்தது. நான்கு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றோம்.

திரையில் மேலே ஒரு வரைபடம்: வளையத்தை நீட்டிப் போட்டது, பெரிய மரபணுக்கள் நீலம், நடுவில் குட்டிகள் சிவப்பு. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு ஆர்.என்.ஏ என்றாள்.

"இது ஐஸ்ல இருந்த மூணு."

கோடுகள் நீலத்தின் கீழ் கட்டுக்கட்டாக நின்றன. ஒவ்வொரு கட்டும் சிவப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் முடிந்தது. அளவுகோல் வைத்து வெட்டியதுபோல்.

"இது ஜன்னல்ல இருந்த மூணு."

இங்கே கோடுகள் குட்டை குட்டையாக, எங்கெங்கோ அறுந்து கிடந்தன. எனக்குத் திக்கென்றது. பிறகு அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். அறுந்த முனைகளை மட்டும் எண்ணி மேடாகக் காட்டும் படம். எங்கும் சிறு தூறல்போல் பரவலாகச் சின்னச் சின்ன மேடு. ஆனால் ஒவ்வொரு சிவப்பின் ஓரத்திலும் ஒரு கோபுரம். ஐஸில் இருந்தவற்றின் படத்தை மேலே வைத்தாள். கோபுரங்கள் எல்லாம் அதே இடத்தில், ஒரு எழுத்து கூட மாறாமல்.

"அந்தத் தூறல் ஜன்னல் பண்ணது" என்றாள். "கோபுரம் வண்டு பண்ணது."

அக்கா திரையின் அருகே குனிந்தார். "அடுப்புச் சூட்டுல கெடந்தும் அந்த எடம் மாறலியே! என்னா சுத்தமா வெட்டியிருக்கு. நம்ம வெட்டற கத்திரிக்காய் கூட இப்படி வராது."

"ஒனக்கு வராது" என்றாள் என் மனைவி.

அவள் இன்னும் காட்டினாள். சில மரபணுக்களின் கடைசியில் "இங்கே நிறுத்து" என்ற குறியே முழுசாக இல்லை. மூன்று எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எழுத்து. எழுதும்போது குறை. ஆனால் வெட்டிய பிறகு வண்டு ஒவ்வொரு துண்டின் வாலிலும் 'ஏ' என்ற எழுத்தை வரிசையாக ஒட்டுகிறது. அந்த வாலின் முதல் இரண்டு எழுத்துகளும் போய் அந்த ஒற்றை எழுத்தோடு சேர்ந்ததும் நிறுத்தக் குறி முழுமையாகிவிடுகிறது! வெட்டினால்தான் வாக்கியம் முடிகிறது. ஜன்னலில் இருந்த குழாய்களிலும் கோபுரத்தில் முடிந்த துண்டுகளுக்கு அந்த வால் இருந்தது. தூறலில் அறுந்தவற்றுக்கு இல்லை. வெயில் அறுக்கும், வால் ஒட்டாது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிறகு ஏன் எழுந்தேன் என்று தெரியாமல் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வெட்டவே கூடாத இடமும் ஒன்று இருந்தது. ஏ.டி.பி மரபணுக்கள் இரண்டு, ஒன்றின் வாலும் அடுத்ததன் தலையும் சில எழுத்துகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பிரித்தால் ஒன்று கெடும். ஐஸில் இருந்த மூன்றிலும் அவை ஒன்றாகவே இருந்தன. ஒரு கோபுரமும் இல்லை.

"அத்தியாயம் நிலைச்சிருச்சு மாமா" என்றாள். மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்துவிட்டாராம். ஒப்புக்கொண்டாராம். அந்த ஐஸ்பெட்டிச் சம்பவத்தை அப்படியே எழுதச் சொன்னாராம், நேரக் குறிப்போடு. என் மனைவி உடனே, "என் பேரப் போடாத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டா எங்க போடுவாங்க?" என்று கேட்டாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு இடத்தை அவள் மறுபடி பெரிதாக்கினாள். என்.டி.6, அதற்கு அடுத்து சைட்டோகுரோம் பி. இரண்டு பெரிய மரபணுக்கள். நடுவில் சிவப்பு இல்லை. கணு இல்லாத இடம். ஐஸில் இருந்தவற்றில் இரண்டும் பெரும்பாலும் ஒட்டியே இருந்தன, பிரிந்தவை கொஞ்சமே. ஜன்னலில் இருந்தவற்றில் பிரிந்தவை அதிகம். கோபுரம் என்று சொல்ல முடியாத ஒரு அகலமான மேடு. அங்கே மரபணுவிலேயே 'ஏ' எழுத்துகள் வரிசையாக இருந்ததால், எது வால் என்று பிரித்தறியவும் முடியவில்லையாம்.

"இது வண்டு வெட்டினதா, வெயில் வெட்டினதா?" என்றேன்.

"ரெண்டே முக்கால் மணின்னா அந்தக் கொஞ்ச நேரத்துல வெயிலால இவ்ளோ பண்ணியிருக்க முடியாது. அப்ப அந்த மூணு வண்டும் உயிரோட இருந்தப்பவே கொஞ்சம் வெட்டியிருக்கணும். ஆறு மணின்னா, எல்லாம் வெயில்தான்னு சொல்லலாம்." என்னைப் பார்த்தாள். "எந்த பாங்கு மாமா?"

ஜன்னலுக்கு வெளியே அக்காவின் கணவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மறுபடி போய்க் கேட்டேன். அஸர் என்றார். உள்ளே வந்தேன். மதியம் என்றார் அக்கா.

அவள் ஆய்வேட்டில் எழுதியதையே நானும் என் நாட்குறிப்பில், அந்த ஞாயிற்றின் கீழ் எழுதியிருக்கிறேன்: கொம்பு வண்டில் என்.டி.6-க்கும் சைட்டோகுரோம் பி-க்கும் நடுவில் வெட்டு உண்டா, இல்லையா என்பது தெரியவில்லை. இரண்டாம் டப்பா உறைபெட்டிக்குத் திரும்பிய நேரம் சரிபார்க்கப்படவில்லை.